பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ: எங்கே ஓடியது என்பதைவிட எங்கே நின்றது

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாலைந்து லட்சத்துக்குள் பழைய பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி தேடுகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு?" கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது நாலாவது கேள்வி. முதல் கேள்வி, வண்டி இத்தனை வருஷமும் எங்கே நின்றது? இரண்டாவது, ஆர்.சி.யில் உள்ள விலாசத்தில் அந்த ஓனர் உண்மையிலேயே குடியிருந்தாரா? மூன்றாவது, அது எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ்? மீட்டரைத் திருப்பி வைக்கலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஊறிய தண்ணீரையும் சப்ஃப்ரேமில் (சக்கர அமைப்பைத் தாங்கும் அடிச்சட்டம்) ஏறிய துருவையும் அப்படி லேசில் மறைக்க முடியாது.

பணக் கணக்கை முதலிலேயே பேசிவிடலாம். 40 லட்சத்துக்கு ஷோரூமில் இருந்து வெளியே வந்த கார் 15 வருஷத்தில் 4 லட்சத்துக்கு இறங்கிவிடும். அதன் ஸ்பேர்ஸ் இறங்காது. கியர்பாக்ஸுக்குள் கியரை மாற்றும் வால்வ் பாடியும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் இன்றைக்கும் 40 லட்ச ரூபாய் காருக்கான விலையில்தான் இருக்கும். அதனால் கையில் 5 லட்சம் இருந்தால் 3 லட்சத்துக்கு மேல் கார் பார்க்க வேண்டாம். மீதியில் ஒன்றரை லட்சம் முதல் ஆறு மாதத்துக்குள் வண்டிக்குள் போகும். 50 ஆயிரத்தை எதிர்பாராத செலவுக்கென்று தொடாமல் வையுங்கள். முழுப் பணத்தையும் காருக்கே கொடுத்துவிட்டால் அடுத்த வருஷம் அதே கார் வீட்டு வாசலில் கவர் போட்டு நிற்கும்; தெருவுக்கு ஒன்று அப்படி நிற்பதைப் பார்க்கலாம்.

தண்ணீர்

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. 2015 நவம்பர், டிசம்பரில் கடலூர் மாவட்டமே மிதந்தது. 2024 நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் நகராமல் நின்று, புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. கிருஷ்ணா நகரில் ராணுவம் வந்து ஆட்களை மீட்டது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் ஆற்றோரப் பகுதிகளுக்குள் புகுந்தது. வீட்டுக்குள்ளேயே தண்ணீர் வந்த இடங்களில் போர்ட்டிகோவில் நின்ற கார்கள் என்ன ஆகியிருக்கும்? இன்ஷூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' போட்டு ஏலத்தில் விட்ட வண்டிகளில் ஒரு பங்கு கழுவித் துடைத்துத் திரும்பவும் சந்தைக்கு வரத்தான் செய்யும்.

பார்க்கும் முறை இது. முன் சீட் பெல்ட்டை முழுசாக, இனி வராது என்கிற அளவுக்கு வெளியே இழுங்கள். தினமும் வெளியே வரும் பகுதியை ஷாம்பு போட்டுக் கழுவியிருப்பார்கள். ரீலுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் கடைசி ஒரு அடியில் செம்மண் நிறத்தில் குறுக்கே ஒரு கோடு தெரிந்தால், தண்ணீர் அந்த உயரம்வரை நின்றிருக்கிறது. வேறு சாட்சி வேண்டாம், கிளம்பிவிடலாம்.

பெல்ட் சுத்தமாக இருந்தால் அடுத்தது தரை. மேட்டை எடுத்துவிட்டு, கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் உள்ள ஃபோமுக்கு மேல் டிஷ்யூ பேப்பர் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே காய்ந்திருந்தாலும் ஃபோம் மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சீட்டைத் தாங்கும் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருக்கிறதா, சீட் ரெயிலின் உட்பக்கம் வண்டல் படிந்திருக்கிறதா, ஸ்டெப்னி குழியில் மண் இருக்கிறதா, ஃப்யூஸ் பாக்ஸ் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலும் நடு கன்சோலுக்கு அடியில் தரையோடு இருக்கும். தண்ணீர் புகுந்தால் முதலில் மாட்டுவது அதுதான். டாஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரியவில்லை என்பதால் நம்பிவிடாதீர்கள். இக்னிஷன் போட்டவுடன் அந்த விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கிறார்கள் அல்லது கிளஸ்டரில் கை வைத்திருக்கிறார்கள்.

பழைய இன்ஷூரன்ஸ் காகிதமும் பேசும். முழு பாலிசியில் கிளெய்ம் இல்லாத வருஷத்துக்கு நோ கிளெய்ம் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். 2024 பாலிசியில் 45 இருந்து 2025 பாலிசியில் பூஜ்யமாகியிருந்தால் பெரும்பாலும் நடுவில் கிளெய்ம் நடந்திருக்கிறது. என்ன கிளெய்ம் என்று கேளுங்கள். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: அந்த போனஸ் ஓனரைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்ததல்ல. நடுவில் ஓனர் மாறியிருந்தால் இந்தக் கணக்கு உதவாது.

வெள்ளமே வராத வண்டியிலும் தண்ணீர் புகும். பென்ஸ், ஆடியில் விண்ட்ஷீல்டுக்குக் கீழே, வைப்பர் அருகில் ஒரு தொட்டி மாதிரி இடம் இருக்கிறது. மழைத் தண்ணீர் அங்கே சேர்ந்து இரண்டு ஓரத்து ஓட்டை வழியாக வெளியே போகும். தூங்குமூஞ்சி மரத்தடியிலோ வேப்பமரத்தடியிலோ நிறுத்திய வண்டியில் சின்னச் சின்ன இலைகள் அங்கே மக்கி, அந்த ஓட்டைகளை அடைத்துவிடும். பிறகு தண்ணீர் காருக்குள் இறங்கும். ஆடி ஏ4-இன் 2008க்கு முந்தைய தலைமுறைகளில் கம்ஃபர்ட் மாட்யூல் (கண்ணாடி, லாக்கை இயக்கும் பெட்டி) முன் கார்ப்பெட்டுக்கு அடியிலேயே இருப்பதால் கண்ணாடி, சென்ட்ரல் லாக் எல்லாம் தன்னிஷ்டத்துக்கு ஆடும். பிஎம்டபிள்யூ ஈ60-ல் (பழைய 5 சீரிஸ்) பேட்டரியும் பின்பக்க எலக்ட்ரானிக்ஸும் டிக்கியில். டெயில் லேம்ப் கேஸ்கெட் போனால் அங்கே ஈரம்.

உப்புக் காற்று வேறு கதை. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், கடலூர் சில்வர் பீச் பக்கம் வெளியிலேயே நின்ற வண்டியென்றால் லிஃப்டில் ஏற்றாமல் முன்பணம் தராதீர்கள். பிரேக் பைப், பின் சப்ஃப்ரேம், ஜாக்கி வைக்கும் இடம், ஏ.சி. கண்டென்சர் ஆகிய நாலும் போதும். கண்டென்சர் தகடுகளை விரலால் தடவினால் பொடியாக உதிர்ந்தால் அடுத்த கோடைக்குள் கேஸ் போகும். அலாய் வீலில் டயர் உட்காரும் விளிம்பு அரித்திருந்தால், எத்தனை தரம் பஞ்சர் பார்த்தாலும் நாலு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கும். பென்ஸ் டபிள்யூ210 (பழைய இ-கிளாஸ்) பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை: முன் ஸ்பிரிங்கைத் தாங்கும் கிண்ணம் துருப்பிடித்து வெல்டிங்கோடு பிய்த்துக்கொள்வது அந்த மாடலின் பேர்போன வியாதி. முன் சக்கரத்தைக் கழற்றி, டார்ச் அடித்து, மேலே பூசிய கருப்புப் பூச்சுக்குள் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்க வேண்டும்.

பெயின்ட் மீட்டர் கிடைத்தால் எல்லாப் பேனலிலும் வையுங்கள். 90 முதல் 150 மைக்ரான் வந்தால் கம்பெனி பெயின்ட். 200 தாண்டினால் மறுபூச்சு. 500, 800 என்று ஓடினால் உள்ளே பட்டி. ஒரு கதவு மறுபூச்சு என்றால் பரவாயில்லை. பில்லரும் கூரையும் மறுபூச்சு என்றால் வேண்டாம்.

பிஒய் நம்பர் பிளேட்

புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் இங்கே வசிக்காதவர்களும் சொகுசுக் கார்களை பிஒய் 01-ல் பதிவு செய்து கேரளம், பெங்களூரு, சென்னையில் ஓட்டினார்கள். பொய் விலாசம் கொடுத்துப் பதிவு செய்ததாக 2017-ல் கேரளப் போலீஸ் வழக்குகளே போட்டது. அந்த வண்டிகள்தான் இப்போது மலிவாகச் சுற்றி வருகின்றன. பிஒய் நம்பராக இருப்பதால் உள்ளூர் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்.சி. விலாசம், ஆதார் விலாசம், இன்ஷூரன்ஸ் விலாசம், சர்வீஸ் பில்லில் உள்ள ஊர், நாலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆர்.சி. லாஸ்பேட்டை, சர்வீஸ் எல்லாம் கொச்சி என்றால், ஓனர் நேரில் வந்து கையெழுத்துப் போடும்வரை ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது.

புதுச்சேரிக்காரர் புதுச்சேரி வண்டி வாங்கினால் படிவம் 29, 30, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று; வேலை முடிந்தது. கடனில் எடுத்த வண்டி என்றால் பேங்க் என்.ஓ.சி.யோடு படிவம் 35 போட்டு எச்.பி. (ஆர்.சி.யில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆன பிறகே மீதிப் பணம். கடலூர்க்காரர் பிஒய் வண்டி வாங்கினால்தான் கணக்கு மாறும். புதுச்சேரி ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் என்.ஓ.சி. வாங்கி, கடலூரில் டி.என். 31 நம்பருக்கு விண்ணப்பித்து, வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்ட வேண்டும். முந்தைய ஓனர் புதுச்சேரியில் கட்டிய வரி இங்கே கழியாது. "முள்ளோடை தாண்டினா கடலூர்தானே, பிஒய்லயே ஓட்டிக்கலாம் சார்" என்று புரோக்கர் சொல்வார். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் நம்பர் மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவு. அந்த வரித்தொகையை விசாரித்துக்கொண்டு, காரின் விலையில் பேசிக் குறையுங்கள்.

டெல்லி டீசல் வண்டிகளும் தெற்கே நிறைய இறங்குகின்றன. அங்கே 10 வருஷம் தாண்டிய டீசலுக்கு உள்ள நெருக்கடியால் விலை கவர்ச்சியாகத்தான் இருக்கும். என்.ஓ.சி., இங்கத்து வரி, லாரி வாடகை மூன்றையும் கூட்டிப் பார்த்தால் பாதிக் கவர்ச்சி போய்விடும்.

15 வருஷம் நெருங்கும் காரில் எஃப்.சி. செலவையும் சேருங்கள். பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 5,000 ரூபாய். முழுசாக இறக்குமதியான காருக்கு அதுவே 40,000. 20 வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 10,000, இறக்குமதிக்கு 80,000. ஒரே மாடலில் சிலது இந்தியாவில் பூட்டியது, சிலது இறக்குமதி என்பதால் ஆர்.சி.யில் அதைப் பார்த்துவிடுங்கள். புதுப்பித்தால் 5 வருஷம் செல்லும். 1,500 சி.சி.க்கு மேல் உள்ள காருக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும், 2022 கட்டணப்படி, வருஷம் 7,897 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். இந்த வயசு வண்டிக்கு முழு பாலிசி கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் ஐ.டி.வி. (இன்ஷூரன்ஸ் கம்பெனி காருக்குப் போடும் மதிப்பு) பேச்சுவார்த்தையில் முடிவாவதுதான்.

எந்த எஞ்சின்?

புதுச்சேரியில் ஊரின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 20 நிமிஷம். இந்த ஓட்டத்துக்கு டீசல் பொருந்தாது. எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடும். ஈ.ஜி.ஆரும் (புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் வால்வ்) காற்று உள்ளே போகும் இன்டேக்கும் கரி பிடிக்கும்; டி.பி.எஃப். (புகைக் கரி வடிகட்டி) உள்ள வண்டியென்றால் அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நேரமே கிடைக்காது. வாரம் ஒருமுறையாவது சென்னை போய்வருகிறவர் டீசல் பார்க்கலாம். மற்றவர்களுக்கு பெட்ரோல். பழைய பெட்ரோல் வண்டி இப்போதைய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்காகச் செய்ததல்ல, அதனால் ஃப்யூயல் ஹோஸ், ஓ-ரிங் எல்லாம் வாங்கியவுடன் மாற்றிவிடுவது நல்லது.

பென்ஸ் டபிள்யூ211 இ-கிளாஸ் வேண்டுமென்றால் 2006 மத்தியில் வந்த ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிறகுள்ளதாகப் பாருங்கள். அதற்கு முன்னால் வந்ததில் எஸ்.பி.சி. என்ற மின்னணு பிரேக் இருக்கிறது. அந்த பம்பு தன் ஆயுள் எண்ணிக்கை முடிந்ததும் டாஷ்போர்டில் எச்சரிக்கை போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளும். புதுசு வாங்கும் விலையில் நல்ல பழைய ஆல்டோ வாங்கலாம். ஏர் சஸ்பென்ஷன் உள்ளதையும் விடுங்கள். கட்டாயம் அதுதான் வேண்டுமென்றால், இரவு நிறுத்தியபோது நாலு மூலை உயரத்தையும் டேப் வைத்து அளந்து, காலையில் திரும்ப அளந்து பாருங்கள்.

அதே காரின் 220 சி.டி.ஐ. டீசலில் எஞ்சின் மேல் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைச் சுற்றித் தார் காய்ச்சி ஊற்றியதுபோல் கருப்பாக இறுகியிருந்தால், அடியில் உள்ள செம்பு வாஷர் போய் எஞ்சினுக்குள் எரிந்த புகை கசிகிறது. வாஷர் சல்லிசு. ஆனால் வருஷக்கணக்கில் விட்டால் இன்ஜெக்டர் ஹெட்டோடு இறுகி, கழற்றும்போது உடையும். அப்போது செலவு வேறு மாதிரி. வி6 (வி வடிவில் ஆறு சிலிண்டர்) டீசலில் ஆயில் கூலர் சீல் கசிவு: சீலுக்குச் சில நூறு, அது வி-யின் நடுப்பள்ளத்தில் இருப்பதால் கழற்றி மாட்டும் கூலிதான் பல மடங்கு.

சி-கிளாஸ் பெட்ரோலில் எம்271 எஞ்சின். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று நொடி சங்கிலி உரசும் சத்தம் கேட்டால் டைமிங் செயின் நீண்டிருக்கிறது. கேம் மேக்னட் கனெக்டரைக் கழற்றி, உள்ளே ஆயில் இருக்கிறதா என்றும் பாருங்கள்; அந்த ஆயில் வயருக்குள்ளேயே ஊர்ந்து எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. வரை போகும். டபிள்யூ204 சி-கிளாஸில் ஸ்டியரிங் லாக் மோட்டார் போனால் சாவி திருப்பினாலும் ஒன்றும் நடக்காது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பிஎம்டபிள்யூ 320டி-யில் 2007-க்குப் பிறகு வந்த என்47 எஞ்சினின் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. பின்பக்கத்தில் கரகரவென்று சத்தம் வந்தால் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். செயின் மாற்றிய பில் இல்லாத ஆரம்பகால வண்டி வேண்டாம். 320ஐ பெட்ரோலில் ஐந்து நிமிஷம் ஐட்லில் விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்துப் பாருங்கள். நீலப் புகை வந்தால் வால்வ் ஸ்டெம் சீல்.

ஆடி ஏ4-ல் மல்டிட்ரானிக் சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) வைத்தது எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். நம்ம ஊர் மெக்கானிக்குகள் அதைத் திறக்கவே மாட்டார்கள், அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஜாகுவார், லேண்ட் ரோவர் பற்றி இந்த பட்ஜெட்டில் பேச்சே இல்லை. பேட்ஜ் முக்கியமில்லை, சொகுசுதான் வேண்டும் என்றால் பழைய டொயோட்டா கேம்ரி பாருங்கள். யாரும் சீண்டாததாலேயே விலையில் நல்ல பேரம் கிடைக்கும்.

கியர்பாக்ஸில் "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். பிஎம்டபிள்யூவுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் மாற்றச் சொல்கிறது. பென்ஸ் ஐந்து கியர் 722.6-ல் மொத்தம் ஏழரை லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். அடியில் உள்ள ஆயில் பேன் மட்டும் கழற்றினால் நாலு லிட்டர்தான் வரும், மீதி டார்க் கன்வெர்ட்டரில் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பகுதி) நிற்கும். அதிலேயே 13 பின் கனெக்டரின் ஓ-ரிங்கையும் மாற்றச் சொல்லுங்கள். அது கசிந்தால் ஆயில் வயர் வழியாக ஏறி கன்ட்ரோல் யூனிட்டுக்குள் போகும். ஏழு கியர் 722.9-ல் கெடுவது உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் பிளேட். பழைய பிளேட்டை வேறு வண்டியிலிருந்து கழற்றி அப்படியே மாட்ட முடியாது. சேசிஸ் நம்பரோடு கோடிங் செய்ய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது

போனவுடன் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், முன்பே ஸ்டார்ட் செய்து சத்தத்தை அடக்கி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். ஸ்கேனரில் ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் கருவி போதாது. பென்ஸுக்கு ஸென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஆடிக்கு வி.சி.டி.எஸ். என்ற ஸ்கேனர் மென்பொருள் வைத்திருப்பவரை அழைத்துப் போங்கள். எல்லா மாட்யூலிலும் கோளாறே இல்லை என்று வந்தால் சந்தோஷப்படாமல், பெட்ரோல் வண்டியில் ரெடினெஸ் மானிட்டர்களை (வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பதிவுகள்) பார்க்கச் சொல்லுங்கள். அவை முடிவடையாமல் இருந்தால் கோளாறுகளை அன்றைக்கோ நேற்றோ அழித்திருக்கிறார்கள். மீட்டர் கிலோமீட்டரை மற்ற மாட்யூல்களில் பதிவான எண்ணோடும் ஒப்பிடலாம். பிஎம்டபிள்யூவில் சாவியே ஒரு சாட்சி, கிலோமீட்டர் அதிலும் பதிவாகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை ஏ.சி. போட்டு ஊர்ந்து பாருங்கள். சென்னைக் கூட்டம் இறங்கும் நேரம் அது. கூலிங் ஃபேன், தெர்மோஸ்டாட், தண்ணீர் பம்பு எல்லாவற்றின் குறையும் அந்த ஊர்வலத்திலேயே வெளியே வந்துவிடும். பிறகு ஈ.சி.ஆரில் காலாப்பட்டு தாண்டி 80, 100 வேகத்தில். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்குப் போகும்போது ஆர்.பி.எம். ஒரு கணம் தனியாக எகிறுகிறதா, வேகம் குறையும்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு முட்டுகிறதா, ரிவர்ஸ் போட்டால் இரண்டு நொடிக்கு மேல் யோசிக்கிறதா என்று கவனியுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள டாட் எண்ணின் கடைசி நாலு இலக்கம் செய்த தேதி: 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம். ஆறு வருஷம் தாண்டிய செட் என்றால் நாலு டயர் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

வாங்கிய பிறகு முதல் வேலை கூலிங் சிஸ்டம், பாலிஷும் மியூசிக் சிஸ்டமும் அப்புறம். எக்ஸ்பான்ஷன் டேங்க், ஹோஸ், தெர்மோஸ்டாட், பெல்ட், புல்லி. கூலண்டுடன் போர் தண்ணீர் கலக்கவே கூடாது. கடலோரத் தண்ணீர் உப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். டிஸ்டில்டு வாட்டர் பாதி, கம்பெனி சொன்ன ரகக் கூலண்ட் பாதி. எஞ்சின் ஆயில் அளவு: என்47-க்கு 5.2 லிட்டர், எம்271-க்கு 5.5, பென்ஸ் 220 சி.டி.ஐ.க்கு 6.5. பாட்டிலில் '5டபிள்யூ 30' என்று இருந்தால் மட்டும் போதாது, டி.பி.எஃப். உள்ள பென்ஸ் டீசலுக்கு 229.51, பிஎம்டபிள்யூ டீசலுக்கு எல்எல் 04 ஒப்புதல் அச்சிட்டிருக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்று ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் விடாதீர்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய பேட்டரிக்கான சார்ஜையே கொடுத்துப் புதுசையும் கெடுக்கும்.

ஸ்பேர்ஸுக்கு சேசிஸ் நம்பரை வைத்து பார்ட் நம்பர் எடுத்துக்கொண்ட பிறகே கடைக்குப் போங்கள். லெம்ஃபோர்டர் லோயர் ஆர்ம், சாக்ஸ் ஷாக் அப்சார்பர், மான் ஃபில்டர், பாஷ் சென்சார், எல்ரிங் கேஸ்கெட் என்று பல பாகங்கள் கார் கம்பெனி டப்பாவில் வருவதும் அதே தொழிற்சாலையில் செய்ததே, முத்திரை இல்லாததால் விலை குறைவு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் புதுசு, புதுப்பேட்டையில் பழசு. பாடி பாகம், லைட், கண்ணாடி புதுப்பேட்டையில் வாங்கலாம். கியர்பாக்ஸ் எலக்ட்ரானிக்ஸ், ஏர்பேக், பிரேக் அங்கே வாங்கக் கூடாது.

நல்ல கையுள்ள பென்ஸ், பிஎம்டபிள்யூ ஆள் பெரும்பாலும் சென்னையில்தான், 150 கிலோமீட்டர். வழியில் படுத்தால் ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்கச் சொல்லாதீர்கள், ஆயில் பம்பு ஓடாமல் கியர்பாக்ஸ் உள்ளே வெந்துவிடும். பிளாட்பெட் ரிக்கவரி வண்டி வைத்திருக்கும் ஒருவர் நம்பரை, வண்டி வாங்கும் அன்றைக்கே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். புரட்டாசி முடிவதற்குள் வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, இலையை அள்ளிவிட்டு, அரை வாளித் தண்ணீர் ஊற்றி, அது முன் சக்கரத்துக்குப் பின்னால் கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகவில்லை என்றால் கம்பி விட்டுக் குத்தாமல், ஓட்டை முனையில் உள்ள ரப்பர் வாயை விரலால் பிதுக்கிவிட்டால் போதும்.